ஜெம் பாக்ஸ் யாருக்கு?

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் மதியச் சாப்பாட்டின்போது, தான் ஃபைனல் ஃபேன்டசி 6 என்ற பழைய ஜப்பானிய வீடியோ கேமை ஆடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். ரசம் சாதத்தை ஒரு கையால் பிசைந்துகொண்டே மறு கையில் போனைத் தூக்கிக் காட்டினான். நான் அந்த ஆட்டத்தை ஆடிய காலத்தில் அவன் பிறந்திருப்பானா என்பதே சந்தேகம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "அந்த மந்திரக் கோபுரத்தை முடிச்சுட்டேண்ணே. உச்சியில ஒரு ரெலிக் கிடைச்சது, ஒரே டர்ன்ல ரெண்டு மேஜிக் போடலாம். செம பவர்." "ஜெம் பாக்ஸா?" என்றேன். "ஜெம் பாக்ஸா? அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சொல்லித் திரையைத் திருப்பினான். அதில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு அப்புறம் வருகிறேன். அதற்கும் முன்னால் நான் கேட்ட கேள்வி, "யாருக்குப் போட்டே?" என்பதுதான். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "டெர்ராவுக்குத்தான். அதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க நிறைய இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் இதே கேள்விக்காக நானும் அக்காவும் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். அன்றைக்கு நான் சொன்ன பதிலைத்தான் இந்தத் தம்பியும் சொல்கிறான். அவன் வாயால் கேட்டபோது அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அது ஏன் என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு.

ஆடியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஆயுதம், கேடயம், கவசம் போக இரண்டு ரெலிக் அணியலாம். மோதிரம், காப்பு, காலணி மாதிரி சின்னச் சின்ன அணிகலன்கள். ஓட்டம் வேகமாகும், விஷம் ஏறாது, இரண்டு கையிலும் வாள் பிடிக்கலாம், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஜெம் பாக்ஸ் அணிந்தால் 'மேஜிக்' என்ற கட்டளை 'எக்ஸ்-மேஜிக்' ஆகிவிடும். ஒரு முறைக்கு இரண்டு மந்திரம். ஆட்டம் முழுக்க அது ஒன்றே ஒன்றுதான். ஆட்களோ டெர்ரா என்ற கதாநாயகி உட்படப் பதினான்கு பேர்.

அக்காவின் சட்டம்

2003 மே மாதம். அக்கா பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். எனக்குப் பதின்மூன்று வயது. சித்தப்பா பையன் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்த எமுலேட்டரில், அதாவது பழைய கேம் கருவிகளின் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருளில், இந்த ஆட்டம் இருந்தது. 1994 ஏப்ரலில் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் கருவியில் வெளியான ஆறாவது பாகம், அதே வருடம் அமெரிக்காவுக்குப் போனபோது 'மூன்று' என்ற எண்ணோடு போனது. நடுவில் சில பாகங்கள் அங்கே வெளியாகவே இல்லை. எங்களுக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. திரையில் மூன்று என்று வந்தது, எங்களுக்கு அது மூன்றாம் பாகம்தான்.

கீபோர்டு அக்காவிடம். நாற்பது பக்க நோட்டு என்னிடம். யாருக்கு என்ன லெவல், மந்திரம் கற்றுக்கொடுக்கும் எந்த எஸ்பர் கல் யாரிடம், எந்த ஊரில் என்ன விலை என்பதையெல்லாம் எழுதுவது என் வேலை. எமுலேட்டரில் எஃப் 2 தட்டினால் அந்த நொடியே சேமிக்கலாம், எஃப் 4 தட்டினால் திரும்பி வரலாம். அக்கா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள்: அந்த இரண்டு கட்டையையும் தொடக் கூடாது. ஆட்டம் எங்கே சேமிக்க விடுகிறதோ அங்கே மட்டும்தான் சேமிப்பு. "அதைத் தட்டித் தட்டி ஆடுனா செத்தவன் செத்த மாதிரியே இருக்காதுடா" என்றாள். எனக்கு அது வெட்டி வீம்பாகத் தெரிந்தது. இருந்தாலும் கீபோர்டு அவளிடம் இருந்ததால் சட்டமும் அவளுடையதாகவே இருந்தது.

வீட்டில் இணைய இணைப்பு கிடையாது. தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஆட்டத்துக்கு வழிகாட்டும் ஒரு வாக்த்ரூவைத் திறந்து, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்பதால் ரெலிக் பட்டியலை மட்டும் பிரிண்ட் எடுத்து வந்திருந்தேன். அந்தப் பட்டியல்தான் எனக்கு வேதம். அதை நம்பிக் கண் குருடாகாமல் இருக்க காகிள்ஸ் என்ற கண்ணாடியை நாலு பேருக்கு நாலு என்று வாங்கவைத்தேன். அந்தப் பழைய பதிப்பில் ஒரு பெரிய பிழை உண்டு. உடலால் விலகித் தப்பிக்கும் 'இவேட்' எண்ணுக்கு மதிப்பே கிடையாது, அதோடு சேர்ந்து கண் குருடாகும் நிலைக்கும் அடி படுவதிலோ தவறுவதிலோ எந்த விளைவும் கிடையாது. இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வராத நோய்க்கு நாலு பேருக்கும் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பட்டியலில் அடிக்கோடிட்டு, சுற்றி வட்டமும் போட்டு வைத்திருந்த பெயர் ஜெம் பாக்ஸ். இடம்: ஃபனாட்டிக்ஸ் டவர்.

கீழே சுற்றிக்கொண்டிருந்த தாத்தா

உலகம் அழிந்து ஒரு வருடம் கழித்து, தனித்தனியாகச் சிதறிப்போன கூட்டாளிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதுதான் ஆட்டத்தின் இரண்டாம் பாதி. அந்தக் கோபுரத்தின் அடியில் உலகத்தை அழித்த வில்லன் கெஃப்காவைக் கடவுளாக வரித்துக்கொண்ட கூட்டம் வரிசையாகச் சுற்றி நடந்துகொண்டே இருக்கும். அந்த வரிசையில் ஸ்ட்ராகோவும் ஒருவர். எழுபது வயது. பேத்தி ரெல்ம் இறந்துவிட்டாள் என்று நினைத்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். நாம் போய்ப் பேசினால் கண்டுகொள்ள மாட்டார். ஜிடூர் ஊரில் ஒரு பணக்காரனின் மாளிகையில், ஓவியத்துக்குள் குடியேறிய பேயை அடித்துப் பத்து வயது ரெல்மை மீட்டுக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் அவர் நிற்பார், அவளைப் பார்ப்பார், திரும்பி வருவார்.

அக்காவுக்குத் தாத்தாவை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கும். அவருடைய ஊர் தமாசா. "தமாஷ் ஊரு" என்பாள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மந்திரப் போரில் சண்டையிட்டவர்களின் வம்சம் அந்த ஊர்க்காரர்கள். வேட்டையாடப்பட்டு ஓடி வந்து ஒளிந்தவர்கள் என்பதால், மந்திரம் தெரிந்தும் தெரியாததுபோல வாழ்வார்கள். வெளியாட்கள் முன் மந்திரம் போடக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. எரியும் வீட்டுக்குள் ரெல்ம் மாட்டிக்கொள்ளும்போது, அந்தக் கட்டுப்பாட்டை முதலில் மீறுகிறவர் ஸ்ட்ராகோ. அக்கா அந்தக் காட்சியில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பாரு, தாத்தா பாரு" என்று என் தோளை அடித்தது நினைவிருக்கிறது.

அதனால் அவரைக் கோபுரத்தடியில் அந்தக் கோலத்தில் பார்த்ததை அவளால் தாங்க முடியவில்லை. ரெல்மைக் கூட்டி வந்து அவரைச் சேர்த்ததும் நான் நோட்டைத் திறந்து மேலே ஏறுவதற்கான அணியைச் சொன்னேன். கோபுரத்துக்குள் வாளை எடுக்க முடியாது, மந்திரம்தான். எனவே டெர்ரா, செலஸ், ரெல்ம், நாலாவதாக மாக். அவனுடைய மூகிள் சார்மை அவனுக்கே மாட்டிவிட்டால் வழியில் எதிரியே வராது. அந்த விவரமும் என் பட்டியலில் இருந்தது. அக்கா மாக்கை எடுத்துவிட்டுத் தாத்தாவைப் போட்டாள். "அவரு ஒரு வருஷமா இதைச் சுத்திக்கிட்டே இருந்திருக்காரு. மேல என்னதான் இருக்குன்னு அவரு பாக்கணும்ல?"

எனவே ஒவ்வொரு படிக்கட்டும் சண்டை போட்டுத்தான் ஏறினோம். 10, 20, 30 என்று லெவலையே பெயராக வைத்துக்கொண்ட மந்திரவாதிகள், 90 வரைக்கும். நடுவில் ஓர் அறையில் எட்டு டிராகன்களில் ஒன்று. உச்சி அறையில் ஒரே ஒரு பெட்டி. திறந்தால் ஜெம் பாக்ஸ். நான் நோட்டில் டிக் போட்டுவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். என்னைப் பொறுத்தவரை கதை முடிந்தது.

அக்கா கூப்பிட்ட குரலில் ஓடி வந்தேன். அறையை விட்டு வெளியே வந்ததும் மாஜிமாஸ்டர் மறித்திருக்கிறான். உயிர் அளவு, அதாவது ஹெச்.பி., ஐம்பதாயிரம். எந்த மந்திரம் அவனுக்கு வலிக்கும் என்பதை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பான். கிட்டத்தட்ட அரை மணி நேரம் போராடி வீழ்த்தினோம். அவன் உருவம் மங்கத் தொடங்கவேண்டிய நேரத்தில் திரை முழுக்க ஒரு நீலக் குமிழ் விரிந்தது. சாகும்போது கடைசியாக அல்டிமா என்ற பெரிய மந்திரத்தைப் போட்டுவிட்டுத்தான் சாவான். நாலு பேரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். பாஸ் பட்டியலையும் பிரிண்ட் எடுத்திருந்தால் ஆறு ரூபாய் ஆகியிருக்கும், இது தெரிந்திருக்கும்.

இந்த ஆட்டத்தில் தோற்றால் நடக்கிற ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்புவீர்கள், ஆனால் இடையில் ஏறிய லெவல் அப்படியே இருக்கும். எடுத்த பொருள்தான் போய்விடும். நாங்கள் கோபுரத்துக்கு வெளியே, வரைபடத்தில் நின்றோம். நாலு பேருக்கும் லெவல் கூடியிருந்தது. பெட்டி மேலே மறுபடி மூடிக்கொண்டது. எஃப் 4 பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை, அக்காவின் முகம் அப்படி இருந்தது. அம்மா மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றச் சொன்னார். ஏற்றிவிட்டு வந்து மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பித்தோம்.

இரண்டாம் முறை மாஜிமாஸ்டரிடம் வந்தபோது மாலை ஆகிவிட்டது. தப்பிக்க வழிகள் உண்டு என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். பாலிடோர் என்ற எஸ்பரை அழைத்து நாலு பேரையும் வானத்துக்குத் தூக்கிவிடலாம், ராஸ்ப் மந்திரத்தைப் போட்டுப் போட்டு, மந்திரம் போடத் தேவையான அவன் எம்.பி.யைக் கரைத்துவிடலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி லைஃப் 3. அதை ஒருவர் மேல் முன்கூட்டியே போட்டுவைத்தால், அவர் விழுந்ததும் தானாக எழுந்துவிடுவார். ஃபீனிக்ஸ் என்ற எஸ்பரிடமிருந்து அதைக் கற்றிருந்தது செலஸ் மட்டும்தான். அவளிடம் மிச்சமிருந்த எம்.பி. ஒரு தடவைக்குத்தான் காணும், எம்.பி.யை ஏற்றும் டின்க்சர் மருந்தெல்லாம் ஏறும்போதே தீர்ந்திருந்தது. "டெர்ராவுக்குப் போடு, டெர்ராவுக்குப் போடு" என்று நான் கத்தினேன். அக்கா அம்புக்குறியைக் கீழே கொண்டுபோய்க் கடைசியில் நின்ற தாத்தா மேல் வைத்தாள். தட்டினாள்.

மாஜிமாஸ்டர் செத்தான். நீலக் குமிழ் விரிந்தது. டெர்ரா, செலஸ், ரெல்ம் மூவரும் விழுந்தார்கள். தாத்தாவும் விழுந்தார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் மட்டும் எழுந்தார். வெற்றி இசை அடித்தது. தரையில் மூன்று பேர் கிடக்க, அந்தக் குட்டிப் படம் மட்டும் கையைத் தூக்கித் தூக்கி ஆடியது. பதினாறு பிக்சல் அகலத்தில் ஒரு கிழவர்.

சண்டை

"அவருக்குத்தான்" என்றாள் அக்கா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடம் நோட்டு இருந்தது, எண்கள் இருந்தன. டெர்ராவின் மந்திர சக்தி ஸ்ட்ராகோவைவிட அதிகம், அவர் வேகமும் குறைவு. இதெல்லாவற்றையும்விடப் பெரிய வாதம் ஒன்று வைத்தேன்: தாத்தாவின் தொழிலே லோர். எதிரிகள் போடும் வித்தையைப் பார்த்துக் கற்றுத் திருப்பிப் போடுவது. ஜெம் பாக்ஸ் மேஜிக் கட்டளையைத்தான் இரட்டிப்பாக்கும், லோரைத் தொடாது. ஆகவே அவருக்குக் கொடுப்பது பொருளை வீணடிப்பது. இன்றைக்கு யோசித்தாலும் சரியான வாதம்தான். ஒரே ஒரு ஓட்டை, எண்களை மட்டும் பார்த்தால் மந்திர சக்தியில் முதலிடம் டெர்ராவுக்கே கிடையாது, பத்து வயது ரெல்முக்கு. அதை நான் கவனிக்கவில்லை. எனக்கு டெர்ராவைப் பிடிக்கும், அவ்வளவுதான். எண்களை அதற்குத் துணைக்கு அழைத்திருக்கிறேன்.

அக்காவின் வாதம் ஒரே வரி. "அவருதானே எடுத்துட்டு வந்தாரு."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். தாத்தா கழுத்தில் ஜெம் பாக்ஸ். கடைசிச் சண்டையில் பன்னிரண்டு பேரை வரிசைப்படுத்தச் சொல்லும் இடத்தில் அவரை முதல் நாலு பேருக்குள் வைத்தாள். அவள் அதைப் பயன்படுத்திய விதமும் எனக்கு எரிச்சல். இரண்டு மந்திரம் என்றால் இரண்டு அடி என்பது என் கணக்கு. அவள் முதலில் எல்லோருக்கும் ஒரு க்யூர் 3, இரண்டாவதாக எதிரிக்கு ஒரு ஃபிளேர். திரும்பவும் அதே. ஒரு கையில் வைத்தியம், ஒரு கையில் அடி. கெஃப்கா செத்தபோது இரவு பதினொன்றரை. கடைசி அடி யாருடையது என்று நினைவில்லை. தாத்தா நின்றுகொண்டிருந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

என் முறை வந்தபோது

எட்டு வருடம் கழித்து, சென்னையில் ஒரு பேச்சிலர் அறையில், அதே பழைய கேம் ஃபைலை வைத்து நான் தனியாக ஆடினேன். இந்த முறை கீபோர்டும் என்னிடம், சட்டமும் என்னிடம். நார்ஷே ஊரில் ரக்னராக்கை வாளாக வாங்காமல் எஸ்பராகவே வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அல்டிமா கற்றுக்கொடுத்தேன். அது போதவில்லை. எக்கனமைசர் என்று ஒரு ரெலிக் உண்டு, எந்த மந்திரமாக இருந்தாலும் செலவு 1 எம்.பி.தான். 80 எம்.பி. கேட்கும் அல்டிமாவுக்கும் 1. வெல்ட் என்ற புல்வெளிக்கு வடக்கே டைனோசர் காட்டில் அபூர்வமாக வரும் பிராக்கோசார், செத்தால் அபூர்வமாக அதைக் கொடுக்கும். நாற்பத்தாறாயிரத்துக்கு மேல் ஹெச்.பி. கொண்ட பிராணி. மூன்று எக்கனமைசர் சேர்க்க இரண்டு வார இரவுகள் போயின. அறைத்தோழன் எழுந்து பார்த்து, "இன்னும் இந்தப் பல்லியையா அடிச்சுக்கிட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பான்.

டெர்ராவுக்கு ஜெம் பாக்ஸ், கூடவே ஒரு எக்கனமைசர். பதின்மூன்று வயதில் மறுக்கப்பட்டது இருபத்தொன்றில் கிடைத்தது. கெஃப்காவின் கடைசி உருவத்துக்கு ஹெச்.பி. 62,000. ஒரு அடியின் உச்சவரம்பு 9,999. கணக்குப் போட்டால் ஏழு அடி. அவன் வந்ததும் வழக்கம்போல எல்லோர் உயிரையும் 1க்கு இறக்கினான். பிறகு டெர்ரா இரண்டு, செலஸ் ஒன்று, லாக் ஒன்று, ரெல்ம் ஒன்று, மறுபடி டெர்ரா இரண்டு. அவ்வளவுதான். நொபுவோ உஎமாட்சு இந்தச் சண்டைக்கு எழுதிய இசை பகுதி பகுதியாக ஏறிக்கொண்டே போகும். தேவாலய ஆர்கனில் தொடங்கிக் கடைசியில் வெறிபிடித்த ராக் இசையாக மாறும். அந்தக் கடைசிப் பகுதி சூடுபிடிப்பதற்குள் சண்டை முடிந்து திரை மங்கியது. அக்காவோடு ஆடியபோது அந்த இசை திரும்பத் திரும்பச் சுற்றி வந்து காதே புளித்துப்போனது. இந்த முறை முழுசாக ஒரு சுற்றுக்கூடக் கேட்கவில்லை.

ரொம்ப பலமான ஆயுதம் ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது முழு உண்மையும் இல்லை. இந்த ஆட்டத்தில் ஆட்களை ஒரே மாதிரி ஆக்குகிற வேலையை ரெலிக்குக்கு வெகு முன்னாலேயே எஸ்பர்கள் ஆரம்பித்துவிடுகின்றன. சபின் குத்துச்சண்டை வித்தைகளைக் கட்டைகளை வரிசையாகத் தட்டிப் போடுவான், எட்கர் ரம்பமும் துரப்பணமும் வைத்திருப்பான், செட்ஸர் சூதாட்டச் சக்கரம் சுற்றுவான், சையன் வாளை உயர்த்திக்கொண்டு எண்ணிக்கை ஏறக் காத்து நிற்பான். எஸ்பர் வந்த பிறகு கோகோவையும் உமாரோவையும் தவிர எல்லோரும் எல்லா மந்திரமும் கற்கலாம். கடைசியில் எல்லோரும் அல்டிமா போடுகிறவர்கள், உடை நிறம் மட்டும் வேறு. அப்படி எல்லோரும் ஒன்றாகிப்போன இடத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஒரு பொருளைக் கொடுத்து, இவருக்கு என்று முடிவு செய் என்கிறது ஆட்டம். நான் அந்த முடிவை எடுக்கவே இல்லை. மேலே இருந்து எண்ணிப் பார்த்து, பெரிய எண்ணுக்கு மாட்டிவிட்டேன்.

அதுவும் எத்தனை நேரத்துக்கு? கெஃப்கா விழுந்தால் உலகத்தை விட்டு மந்திரமே போய்விடும், எஸ்பர் கற்கள் எல்லாம் உடையும். இரண்டு மந்திரத்தை ஒன்றாகப் போடவைக்கும் பெட்டியை வைத்து அதற்குப் பிறகு வெற்றிலை பாக்குத்தான் போட்டுவைக்கலாம்.

பெயர்

சரி, தம்பி காட்டிய திரைக்கு வருகிறேன். அவன் ஆடுவது 2022இல் வெளியான பிக்சல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பு. அதில் அந்த ரெலிக்கின் பெயர் 'சோல் ஆஃப் தமாசா'. தமாசாவின் ஆன்மா.

ரசம் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து தேடியதில் விஷயம் தெரிந்தது. ஜப்பானிய மூலத்தில் அதற்கு 1994இலிருந்தே அதுதான் பெயர். அந்த ஊரை அவர்கள் 'சமாசா' என்பார்கள், ஆகவே 'சோல் ஆஃப் சமாசா'. அமெரிக்கப் பதிப்பை டெட் உல்சி அவசர அவசரமாக மொழிபெயர்த்தபோது, மெனுவில் பொருட்களின் பெயருக்குக் கிடைத்த இடம் ரொம்பச் சின்னது. எத்தனையோ பெயர்கள் அதில் வெட்டுப்பட்டன. இது ஜெம் பாக்ஸ் ஆனது. கேம் பாய் அட்வான்ஸுக்கு மறுபடி மொழிபெயர்த்தபோது பழைய பெயர் திரும்பியது. பழைய ஃபைலையே கட்டிக்கொண்டு அழுத எனக்குத்தான் இது இத்தனை நாள் தெரியாமல் போயிருக்கிறது.

ஜெம் பாக்ஸ் என்றால் நகைப்பெட்டி. யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். தமாசாவின் ஆன்மா என்றால் அப்படி இல்லை. அந்த ஊர்க்காரர்கள் நம்மிடம் இரண்டே பேர்தான், தாத்தாவும் பேத்தியும். ஆயிரம் வருடம் மறைத்துவைத்த மந்திரம் அவர்களுடையது. அதன் உயிர், கெஃப்காவைக் கும்பிடுகிறவர்களின் கோபுரத்து உச்சியில், ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. அது எப்படி அங்கே போனது என்று ஆட்டத்தில் யாரும் பேசுவதில்லை. அதே கோபுரத்தின் அடியில் அந்த ஊர்க் கிழவர் ஒரு வருடமாகச் சுற்றுகிறார். அவர் தலைக்கு மேலேயே அவருடையது இருக்கிறது.

அக்கா இதையெல்லாம் தெரிந்துதான் செய்தாள் என்று கதை கட்ட மாட்டேன். அவளிடம் இருந்ததும் ஜெம் பாக்ஸ் என்ற வெறும் பெயர்தான். ஆனால் மொழிபெயர்ப்பில் பெயரை வெட்டலாம், தாத்தாவைக் கோபுரத்தடியில் நிறுத்திவைத்ததை வெட்ட முடியாது அல்லவா? அந்த இடத்தை மட்டும் பார்த்து அவள் போய்ச் சேர்ந்திருக்கிறாள். நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவே திருச்சியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் குக்கர் சத்தம், மகள் ஏதோ கணக்குக்கு விடை கேட்கும் சத்தம். ஜெம் பாக்ஸ் ஞாபகம் இருக்கா என்றேன். இல்லை என்றாள். எக்ஸ்-மேஜிக்? இல்லை. ஃபனாட்டிக்ஸ் டவர்? "டேய், ராத்திரி ஒன்பது மணிக்கு இதைக் கேக்கவா கூப்பிட்டே?" ஸ்ட்ராகோ, தமாஷ் ஊரு என்றேன். கொஞ்ச நேரம் குக்கர் மட்டும் பேசியது. "எல்லாரும் விழுந்து கிடக்க, ஒத்தையா எந்திரிச்சு நின்னாரே, அந்தத் தாத்தாவா?" ஆமாம் என்றேன். பெயர் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை. "அவரோடதுதானே, அவருக்குத்தான் குடுத்தேன்" என்றாள். பிறகு, "நீதான் டெர்ராவுக்குக் குடுக்கலைன்னு ராத்திரி சாப்பிடாமப் படுத்தே. தயிர் சாதம் அப்படியே இருந்துச்சு." நான் சாப்பிட்டேன் என்றேன். இல்லை என்றாள். அம்மாவைக் கேட்டால் தெரியும் என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தம்பியிடம் போய் உட்கார்ந்தேன். அவன் ரெலிக்கைக் கழற்றி மாட்டவேண்டும் என்றெல்லாம் சொல்லக் கூடாது, அவரவர் ஆட்டம் அவரவர்க்கு என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். "ஸ்ட்ராகோவை மேல கூட்டிட்டுப் போனியா?" என்று மட்டும் கேட்டேன்.

"யாரு, அந்த லோர் தாத்தாவா? அவரு இன்னும் வரவே இல்லண்ணே. எங்க இருக்காருன்னே தெரியல."

"கோபுரத்துக்குக் கீழ கொஞ்சம் பேர் சுத்திக்கிட்டு இருந்தாங்களே?"

"ஆமா, இருந்தாங்க. யாருகிட்டப் பேசினாலும் சரியா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. அப்படியே மேல ஏறிட்டேன்."

ரெல்ம் வந்துவிட்டாளா என்று கேட்டேன். அவளையும் இன்னும் தேடவில்லை என்றான். அவன் போனை வாங்கி வரைபடத்தைத் திறந்து ஜிடூர் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன்.